ஹார்பர் காது

கண்ணு தனலட்சுமிக்கு உன் நைனா எழுதுவது. என் சௌக்கியத்தை உன் அம்மாவிடம் கேட்டுக்கொள், இந்தக் கடுதாசியில் அதற்கெல்லாம் இடமில்லை. நான் கோபத்தில் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து வந்தாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே உன் அம்மாவிடம் பேசினாய். நான் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஆளுக்குத்தான் காது கேட்காதே என்று நீங்கள் இரண்டு பேரும் தாராளமாகப் பேசினீர்கள். எனக்குக் காதுதான் போச்சு, கண் போகவில்லை. இத்தனை வருஷமாக மனுஷர்கள் வாயைப் பார்த்துத்தான் நான் பிழைக்கிறேன். நீ உதட்டை நன்றாகத் திறந்து பேசுகிறவள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

"மேட்ரன் ரெண்டு வாட்டி கூப்ட்டு சொல்லிட்டாங்கம்மா. டி.பி. வார்டு நர்சுங்களுக்குன்னு ஆறு மாசம் தனியா படிப்பாம். நா முடியாதுன்னுட்டேன். நேத்து பாஸ் பண்ண பொண்ணுங்களோட பெஞ்சுல குந்திக்கினு நோட்டு எழுதணுமா நானு? இத்தினி வருசமா ஊசி போட்டுக்கினு கீறேன், எனக்குத் தெரியாததா? தெரியாதவள அனுப்பட்டும்" என்றாய். உன் அம்மாவும் தலையை ஆட்டினாள். "ஆமாண்டி, கைக்கொயந்தய வச்சிக்கினு இன்னா படிப்பு வேண்டிக் கெடக்குது" என்றாள். அப்புறம் நீ சொன்னாய், சனிக்கிழமைக்குள் படிப்புக்குப் போகிறவர்கள் பெயரை மேட்ரன் எழுதி அனுப்ப வேண்டுமாம், அதுவரைக்கும் மனசு மாறினால் சொல்லச் சொன்னாராம், உனக்கு மனசு மாறாதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதை நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? என் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று எனக்கே தெரிவதில்லை. நான் ரகசியம் பேசினால் நம் கல்மண்டபம் வட்டாரம் முழுக்கக் கேட்கிறது என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். செவிடனுக்குச் சொல்கிறோம் என்று பழக்கத்தில் நீயும் பதிலுக்குக் கத்துவாய், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், பேப்பர் படித்துப் படித்து அதில் இருக்கிற மாதிரியே எனக்கு எழுத வருகிறது, சிரிக்காதே. இதை ஒட்டி உன் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

உன்னை நர்சு வேலைக்கு அனுப்பியபோது நம் ஜனங்கள் என்ன பேசினார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆம்பளைகளைத் தொட்டு வேலை செய்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று உன் பெரியப்பா வாசலில் நின்று கேட்டார். கப்பலில் துரு தட்டுகிறவனுக்குத் திமிரைப் பாரு என்றார். நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராமுக்கு நடந்தேன். ஏன் தெரியுமா? உனக்கு இருந்த வெறி. லீவுக்கு வரும்போதெல்லாம் என் காலை நீட்டச் சொல்லிக் கட்டுக் கட்டிப் பழகுவாய். தெருப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொல்வாய். பென்சிலின் புதிதாக வந்திருந்த நேரம். "நைனா, நிமோனியா வந்தா மாருல பத்து போட்டுக்கினே இருந்தாங்க இல்ல, இனிமே அதெல்லாம் வாணாம், ஊசி போட்டா ஜொரம் எறங்கிடும், நானே பாத்தேன்" என்று நீ சொன்னபோது உன் கண்ணைப் பார்க்க வேண்டுமே. பழைய நர்சம்மா ஒருத்தி இன்னமும் பத்துக்குத்தான் மாவு கிண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவளைப் போலவே நடித்துக் காட்டிச் சிரித்தாய். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெண்ணா இன்று 'எனக்குத் தெரியாததா' என்று கேட்கிறது? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு டி.பி. வந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். வெள்ளைக்காரன் போய் மூன்று நான்கு வருஷம் இருக்கும். கப்பல் அடித்தொட்டிக்குள் இறங்கித் துரு தட்டிக்கொண்டிருந்தவன் இருமினேன், கையில் ரத்தம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். எனக்கு முன்னால் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் காசிமேட்டுச் சுடுகாட்டுக்கே போய்விட்டார்கள். நீ அப்போதுதான் பாஸ் பண்ணி வேலையில் சேர்ந்திருந்தாய். நீதான் டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சீட்டு எழுதி வாங்கி, புது மருந்தையும் வாங்கிக்கொண்டு வந்தாய். ஸ்ட்ரெப்டோமைசின். அந்தப் பெயரை உன் அம்மா கடைசிவரை சொல்லத் தெரியாமல் 'சிப்பாய் ஊசி' என்றாள். தினம் டியூட்டி முடிந்து வந்ததும் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊசியை அதில் போட்டு எடுப்பாய். உன் கை என் மேல் பட்டதே தெரியாது, அவ்வளவு பதமாகப் போடுவாய். எனக்கு இருமல் நின்றது. ரத்தம் நின்றது. எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்த உடம்பில் சதை பிடித்தது. நீ என்னைச் சாவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாய். இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை, இன்றும் தயங்கவில்லை.

மருந்து பாதி முடிந்த சமயத்தில் காது இரைய ஆரம்பித்தது. ஒருநாள் நீ ஊசி போட்டுவிட்டுப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கண்ணு, காதுல கொய்யினு ஒரு சத்தம் கேட்டுக்கினே கீது. படுத்தாலும் நிக்க மாட்டேங்குது." நீ சிரித்தாய். "அது ஹார்பர் காது நைனா. ஆயுசுக்கும் கப்பலத் தட்டிட்டு இப்ப வந்து எரையுதுன்றியே. நம்ம தெருவுல எந்த ஆம்பளைக்கு எரையல சொல்லு?" நானும் சிரித்தேன். நீ சொன்னதில் என்ன தப்பு? தொட்டிக்குள் பத்துப் பேர் சுத்தியல் அடித்தால் மணிக்கூண்டுக்குள் தலையைவிட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் மேலே ஏறி வந்தால் ஒருத்தன் பேசுவது ஒருத்தனுக்குக் கேட்காது. காதில் வண்டு குடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு டீக்கடையில் போய் நிற்போம். எங்கள் ஆட்களில் காது இரையாதவன் இருந்தால் அவன் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். அதனால் நீயும் நம்பினாய், நானும் நம்பினேன், உன் அம்மாவும் நம்பினாள். ஆனால் நான் அப்போது கப்பலுக்குப் போய் மாசக்கணக்காகி இருந்தது, கண்ணு. படுக்கையில் கிடந்தவனுக்கு இரைச்சல் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

அடுத்தாற்போல் தலை சுற்றியது. எழுந்து நடந்தால் தரை படகு மாதிரி ஆடியது, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ரத்தம் இல்லை என்று முட்டையும் ஈரலும் வாங்கிக் கொடுத்தாய். ஒருநாள் காலை மெல்ல டீக்கடை வரைக்கும் போனேன். மதுவிலக்கு கடுமையாக இருந்த நேரம். என் நடையைப் பார்த்து நம் காதர் பாய், "இன்னா மாமு, ஊரே காஞ்சு கெடக்குது, ஒனக்கு மட்டும் எங்க கெடச்சுது? தோஸ்துக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் விழுந்தேன். மருந்துக் கணக்கு முடிகிறவரைக்கும் ஒருநாள்கூட விடாமல் நீ ஊசி போட்டாய். டாக்டர் சீட்டில் எழுதியதை எழுதியபடி செய்தாய். டாக்டர் என்னை மாசத்துக்கு ஒருதரம் பார்த்தார், அவர் கேட்டது இருமலைப் பற்றி மட்டும்தான்.

உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போனேன். மேஸ்திரி வேலைதான் கொடுத்தார்கள், சுத்தியல் பிடிக்க வேண்டாம் என்று. அதற்குள் முக்கால்வாசிக் காது போய்விட்டது. ஒருநாள் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தேன். வின்ச்சில் மூட்டைக் கட்டு என் தலைக்கு மேலே இறங்குகிறது, வின்ச் ஆள் தொண்டை கிழிய "வெலகு வெலகு" என்று கத்தியிருக்கிறான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பையன் பாய்ந்து என்னைத் தள்ளிவிட்டான், இல்லாவிட்டால் அன்றே முடிந்திருக்கும். செவிட்டு மேஸ்திரி எங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டு, காதைச் சோதித்துக்கொண்டு வரச்சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்லப்போவது தெரியாது.

அங்கே காது டாக்டர் ஒருவர், சின்ன வயசு. செவிடர்களுக்கென்றே ஒரு சிலேட்டு வைத்திருந்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், என்னென்னவோ தட்டிப் பார்த்தார். அப்புறம் சிலேட்டில் எழுதினார்: காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டீர்களா? ஆமாம் என்றேன். காது இரைந்ததா, தலை சுற்றியதா? ஆமாம் ஆமாம் என்றேன். ஹார்பரில் வேலை செய்தவன், அதனால்தான் என்றும் சொன்னேன். அவர் தலையை அசைத்து, துடைத்துவிட்டு எழுதினார்: இல்லை, அந்த மருந்துதான் காரணம். இரைச்சல் ஆரம்பித்ததுமே நிறுத்தியிருந்தால், அல்லது குறைத்திருந்தால், பெரும்பாலும் காது பிழைத்திருக்கும். அவர் மறுபடி எழுதினார்: ஊசி போட்டவரிடம் நீங்கள் சொல்லவில்லையா? சொன்னேன் என்றேன். யாரிடம் என்று எழுதினார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

புரிகிறதா கண்ணு? இத்தனை வருஷம் இதை நான் என் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குக் கல்யாணம் ஆனபோது, குழந்தை பிறந்தபோது, ஸ்டாஃப் நர்சு ஆகிவிட்டேன் என்று லட்டு வாங்கிக்கொண்டு வந்தபோது, ஒருதரமாவது என் முகத்தில் எதையாவது பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். சாகும்வரை காட்டுவதாகவும் இல்லை. நீ என்னைச் செவிடாக்கினாய் என்று நான் நினைத்ததில்லை. நீ படித்த புஸ்தகத்தில் அந்த மருந்தே கிடையாது, நீ பரீட்சை எழுதி முடித்த பிறகுதானே அது வந்தது. யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு கையால் உயிர் வந்தது, காது போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் பார்த்தேன். காது டாக்டர் அறைக்கு எதிரே டி.பி. காரர்களுக்கு ஊசி போடுகிற இடம். ஒரு நர்சம்மா, தலை நரைத்துவிட்டது, ரிட்டயர் ஆகிற வயசு இருக்கும். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தரையும் ஏதோ கேட்கிறார். அப்புறம் தரையில் கல் பதித்த கோட்டின் மேல் காலை ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்கிறார். நடப்பதைக் குனிந்து உற்றுப் பார்க்கிறார். ஒருத்தன் தடுமாறினான். அவனுக்கு ஊசி போடவில்லை, கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் சிலேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். இது எப்போதிலிருந்து செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் எழுதினார்: போன வருஷம் வகுப்புக்கு அனுப்பினார்கள், அங்கே சொல்லித்தான் எனக்கே தெரியும். எழுதிவிட்டு, தெரியாமல் எத்தனை பேருக்குப் போட்டேனோ என்று வாயால் சொன்னார். அவர் உதட்டைப் பார்த்தேன், அப்படித்தான் சொன்னார். அந்தப் பாட்டி வயசில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், உனக்கு வெட்கமாக இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதைப் பார்த்தபோதுகூட இதை உன்னிடம் சொல்வதாக இல்லை. வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம், மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் தங்கமான மனுஷர், தடுக்க மாட்டார். குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் அம்மா வாய்தான் பேசுவாள், பேத்தியை விட்டால் போதும் என்று தூக்கிக்கொள்வாள். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவனை நேற்றுதான் நீ கவிழ்த்துவிட்டாய்.

நேற்று மத்தியானம் உனக்குச் சோறு எடுத்துக்கொண்டு உன் வார்டுக்கு வந்தேன் அல்லவா? நீ ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தனுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். எண்ணூர்ப் பக்கத்து ஆள், கப்பலில் துரு தட்டுகிறவன். என்னைப் போல் தொழில் செய்தவன் கையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவன் காதைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னான். அவன் என் பக்கம் திரும்பாததால் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ என் பக்கம் பார்த்துத்தான் நின்றிருந்தாய். நீ சிரித்தாய். பஞ்சால் தேய்த்துக்கொண்டே, "அது ஹார்பர் காதுய்யா, கப்பலத் தட்டுனவனுக்கு எரையாம இன்னா செய்யும்" என்றாய். அதே வாய், அதே சிரிப்பு, கையில் அதே பஞ்சு. சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உன் கையைப் பிடித்தேன். அவனுக்கு இனிமேல் போடாதே, போடாதே என்று சொன்னேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, வார்டே திரும்பிப் பார்த்தது. உன் முகம் சிவந்தது. "நைனா, கத்தாத, மானம் போவுது, இது வேல செய்யற எடம், வூட்டுக்குப் போ" என்று சொல்லி என்னைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். இத்தனை வருஷம் அழுத்தி வைத்ததை ஒரு தாழ்வாரத்தில் நின்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் இந்த உண்மையை உன் தலையில் போடுகிறேன். நீ அழுவாய் என்று தெரியும். அழு, ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடாதே. என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம், எனக்கு எரிச்சல்தான் வரும். கேட்க வேண்டியதை மேட்ரனிடம் கேள், சனிக்கிழமைக்கு இன்னும் பொழுது இருக்கிறது, என் பெயரை எழுதுங்கள் என்று சொல். ஆனால் அதற்கும் முன்னால், இன்று சாயங்காலம் டியூட்டிக்குள் நுழைந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் நேரே அந்த ஜன்னலோரக் கட்டிலுக்குப் போ. அவனை எழுப்பி நடக்கவை. எத்தனை நாளாக இரைகிறது என்று கேள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு, அவர் என்ன செய்வதென்று முடிவு பண்ணட்டும். டி.பி. மருந்து அந்த ஒன்று மட்டும்தானா, வேறு இல்லாமலா போய்விட்டது?

நேற்று தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளை உள்ளே விடுவதில்லை என்பதால் அந்த ஜன்னலோரக் கட்டில் ஆளின் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். உன் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண் குழந்தைக்கு. என் பேத்தியின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கண்ணு. அவள் வாய் திறந்து மூடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரிதாகக் கத்தக்கூட இல்லை, உதட்டை லேசாகத் திறந்து நைனா என்று கூப்பிட்டது. அவன் சட்டென்று திரும்பினான்.

உன் நைனா.